கியர்பாக்ஸுக்கு அடுத்த வளைவு தெரியாது: ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் மோட், முழுமையான வழிகாட்டி

“ஆட்டோமேட்டிக் வாங்கினதே கியர் போடாம ஓட்டத்தானே, அப்புறம் எதுக்குண்ணே அந்த பிளஸ், மைனஸ்?” புதிதாக வண்டி எடுத்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. நியாயமான கேள்விதான். அண்ணா சாலையிலோ அவிநாசி சாலையிலோ ஊர்ந்து போகிறவருக்கு, பிளஸ் தட்டி ஒரு கியர் ஏற்றவும் மைனஸ் தட்டி ஒரு கியர் இறக்கவும் விடும் அந்த மேனுவல் மோட் தேவையே இல்லை. வருஷக்கணக்கில் தொடாமலே இருந்துவிடலாம். அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ கிளம்பும்போதுதான் கதை மாறுகிறது. தானாகக் கியர் மாறும் ‘டி’யிலேயே (டிரைவ்) ஏறி, ‘டி’யிலேயே இறங்கி, பாதி வழியில் பிரேக் கருகும் வாடையோடு ஓரங்கட்டி நிற்கும் கார்களை சீசன் நேரத்தில் மலைப்பாதைகளில் பார்க்கலாம்.

நாம் ஓட்டும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸுக்குத் தெரிவது சில விஷயங்கள்தான். வண்டி என்ன வேகத்தில் போகிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது, சில வண்டிகளில் சாலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது. அடுத்த வளைவு அதற்குத் தெரியாது. வளைவைத் தாண்டி ஏறி வரும் பஸ்ஸும் தெரியாது. நடந்து முடிந்ததை வைத்துத்தான் அது கியரைத் தேர்ந்தெடுக்கிறது. வரப்போவதைப் பார்க்கிறவர் நீங்கள். பார்த்ததை அதற்கு முன்கூட்டியே சொல்லும் வழிதான் மேனுவல் மோட். வேகமாக ஓட்டுவதற்கான சமாசாரம் என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். நம் ஊர்ச் சாலைகளில் அதன் முதல் பயன் பத்திரமாக இறங்குவது.

முதலில் உங்கள் கியர்பாக்ஸ் எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. மேனுவல் மோடில் ஒவ்வொன்றும் நடந்துகொள்ளும் விதமும் வேறு.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது கால் செய்த கிளட்ச் வேலையையும் இடது கை செய்த கியர் வேலையையும் ஒரு கருவி செய்கிறது. இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து, ஆட்டோமேட்டிக்கைச் சின்ன கார் வாங்குகிறவர்களின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது இதுதான். மாருதி இதை ஏஜிஎஸ் என்கிறது. டாடா டியாகோ, பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர் போன்றவற்றிலும் ஏஎம்டி உண்டு. லீவரில் பார்க்கிங்குக்கான ‘பி’ (P) இருக்காது. அதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்து, வண்டி தயங்கித் தலையாட்டும். மேனுவல் மோடால் அதிகப் பலன் கிடைப்பது இந்த ரகத்துக்குத்தான் என்பது என் கருத்து.

டார்க் கன்வர்ட்டர் என்பது பழைய, நம்பகமான ரகம். பிரெஸ்ஸா, எர்டிகாவின் 6 கியர் ஆட்டோமேட்டிக், இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகை. கொஞ்சம் பழைய வண்டிகளில் பிளஸ், மைனஸ் இல்லாமல் ‘டி’க்குக் கீழே ‘2’, ‘எல்’ (லோ) என்று மட்டும் இருக்கும். அதுவும் மேனுவல் மோடுதான். ‘2’இல் வைத்தால் அதற்கு மேல் கியர் ஏறாது. மலைக்கு அது போதும்.

டிசிடி, டிஎஸ்ஜி, டிசிஏ என்றெல்லாம் பெயர் சூட்டியிருப்பவை இரட்டை கிளட்ச் ரகம். கண் இமைப்பதற்குள் கியர் மாறும். ஆனால் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருப்பதால் ஏற்றத்தில் ஊர்ந்தால் சூடாகும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிவிடியில் கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும்தான். ஹோண்டா சிட்டியின் சிவிடியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டினால் மீட்டரில் 7 வரை எண் மாறும். அவை உண்மையான கியர்கள் அல்ல, விகிதத்தை அந்தந்த இடத்தில் நிறுத்திவைக்கும் படிகள். போலிதானே என்று தள்ளிவிட வேண்டாம். படியைக் குறைத்தால் இன்ஜின் சுழற்சி ஏறுகிறது, வண்டி பிடித்து நிற்கிறது. இறக்கத்தில் நமக்கு வேண்டியதும் அதுவே. பேடில் இல்லாத சிவிடியில் ‘எஸ்’ (ஸ்போர்ட்) அல்லது ‘எல்’ இருக்கும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிடில் ‘டி’க்குக் கீழே ஒரு ‘பி’ (B) இருக்கும்; அது பார்க்கிங்குக்கான ‘பி’ (P) அல்ல, பிரேக்கிங்குக்கானது.

லீவரும் பேடிலும்

வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே லீவரைப் பாருங்கள். ‘டி’யிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் ‘எம்’ வரும் வண்டிகள்தான் அதிகம். அங்கே முன்னே தள்ளினால் பிளஸ்ஸா, பின்னே இழுத்தால் பிளஸ்ஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியில் நேர் எதிராகத் தள்ளிவிடும். நண்பரின் வண்டியையோ வாடகை வண்டியையோ எடுத்தால், சாவியைத் திருப்பும்முன் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில்களில் இந்தக் குழப்பம் இல்லை. வலது பிளஸ், இடது மைனஸ். ஆனால் பெரும்பாலான கார்களில் பேடில்கள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே சுற்றும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று திருப்பியிருக்கும்போது வலது பேடில் இடப்பக்கம் வந்து நிற்கும். பழக்கத்தில் இடக்கையால் தட்டினால் மைனஸுக்குப் பதில் பிளஸ் விழுந்து, பிடித்திருந்த வண்டி வளைவின் நடுவே விட்டுக்கொடுக்கும். அதனால் ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே கியரை முடித்துவிடுங்கள். திரும்பும்போது பேடில் பக்கமே விரல் போக வேண்டாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. லீவர் ‘டி’யில் இருக்கும்போது பேடிலைத் தட்டினால் தற்காலிகமாகத்தான் மேனுவலுக்குப் போகும். கொஞ்ச நேரம் சீராக ஓட்டினால் தானாகவே ‘டி’க்குத் திரும்பிவிடும். ஓவர்டேக்குக்கு அது வசதி. மலை இறக்கத்துக்குப் போதாது. அங்கே லீவரையே ‘எம்’முக்கோ ‘எஸ்’ஸுக்கோ தள்ளி வையுங்கள், அப்போதுதான் நீங்கள் சொல்லாமல் மேல் கியருக்குப் போகாது.

சமதளத்தில் பழகும் முறை

மலையடிவாரத்தில் முதல் தடவையாக ‘எம்’மைத் தொடுவது நல்லதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத பைபாஸோ ஊருக்கு வெளியே நேரான சாலையோ போதும்.

‘டி’யில் கிளம்பி மணிக்கு 40 கிலோமீட்டரில் சீராகப் போங்கள். மீட்டரைப் பாருங்கள், சின்ன பெட்ரோல் காரில் 4-ஆம் கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,500 பக்கத்தில் இருக்கும். இப்போது லீவரை ‘எம்’முக்குத் தள்ளுங்கள். எண் அப்படியே 4 என்று நிற்கும், ஒன்றும் ஆகாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை மைனஸ். முள் 2,000-ஐ நோக்கி ஏறும். சத்தம் ஒரு படி கூடும். உடம்பு லேசாக முன்னே போகும், யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்தாற்போல இருக்கும். இன்னொரு தடவை மைனஸ். இப்போது 2-ஆம் கியர், முள் 3,000-ஐ நெருங்கும், பிடி இன்னும் இறுகும். பிரேக்கைத் தொடாமலே வேகம் குறைவதைக் கவனியுங்கள். இதுதான் இன்ஜின் பிரேக்கிங். இந்த உணர்வு உடம்புக்குப் பழக வேண்டும். பின்னால் வரும் வண்டிக்கு உங்கள் பிரேக் லைட் எரியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்; நெருக்கமாக யாராவது வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டு லைட்டைக் காட்டிவிட்டு இறக்குங்கள்.

பிறகு மேலே ஏற்றிப் பாருங்கள். 2-இலிருந்து 3, 4. ஏஎம்டி ஓட்டுகிறவர்கள் இங்கே ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால் அந்தத் தலையாட்டல் பெருமளவு போய்விடும். பிளஸ் தட்டும் நொடிக்குச் சற்று முன் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கியர் விழுந்ததும் மறுபடி மிதியுங்கள். கிளட்ச் வண்டியில் கிளட்ச் மிதிக்கும்போது வலது கால் தானாகச் செய்யும் வேலைதான் இது. ‘டி’யில் எப்போது கியர் மாறும் என்று தெரியாததால் இதைச் செய்ய முடியவில்லை, ‘எம்’மில் நீங்கள்தானே மாற்றுகிறீர்கள்.

பழகும்போது பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் தவறாகச் சொன்னாலும் கேட்காத அளவுக்கு கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் விவரமானது. 80-இல் போகும்போது முதல் கியருக்கு மைனஸ் தட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்க மறுத்துவிடும். சில வண்டிகள் பீப் அடிக்கும். வேகம் மிகக் குறைந்தால் இன்ஜின் அணையாமல் இருக்க அதுவே கியரைக் குறைத்துக்கொள்ளும். சிக்னலில் 3-ஆம் கியரில் வந்து நின்றாலும், கிளம்பும்போது பெரும்பாலும் 1-இல் இருக்கும். மேல்பக்கம் மட்டும் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆர்பிஎம் சிவப்புக் கோட்டைத் தொட்டால் சில வண்டிகள் தானாக அடுத்த கியருக்குப் போகும். சில வண்டிகள் போகாமல் அங்கேயே முட்டி நிற்கும். உங்களுடையது எது என்பது வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

இறக்கம்

இந்த வழிகாட்டியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 330 மீட்டர். ஆட்களும் சாமான்களுமாக 1,400 கிலோ எடையுள்ள கார் அந்த 1,900 மீட்டரையும் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2.6 கோடி ஜூல். வீட்டு மின் மீட்டர் கணக்கில் 7 யூனிட்டுக்கு மேல். 2 கிலோவாட் கீசரை மூன்றரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று, பிரேக் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் சூடாகப் போகும். இல்லையென்றால் இன்ஜினுக்குப் போகும்.

பிரேக்குக்கே எல்லாம் போனால் என்ன ஆகும்? டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிக்கும் திறனை இழக்கும். மிதித்தால் பெடல் கட்டையாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறினால் இன்னும் மோசம். டாட் 3 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய பின் தரநிலை கேட்பது 140 டிகிரி மட்டுமே. டாட் 4-க்கு இது 230, 155. ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழ். பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். பல வருஷம் மாற்றாத பிரேக் ஆயிலோடு மலை ஏறுவதை நான் ஆபத்தாகவே பார்க்கிறேன்.

இன்ஜினுக்குப் போனால் ஒன்றும் ஆகாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. மூடிய வாயின் வழியே காற்றை இழுக்கப் போராடுவதும் உள் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கின்றன. அந்தச் சூட்டைக் குளிர்விக்கத்தான் ரேடியேட்டர் இருக்கிறது. அது மட்டுமல்ல, கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. 3,500 ஆர்பிஎம்மில் அலறினாலும் செலவு பூஜ்யம். மீட்டரில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டி என்றால் இறக்கத்தில் பாருங்கள், எண் உச்சத்தில் போய் நிற்கும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் ஐட்லிங்கில் ஓட பெட்ரோல் குடிக்கும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் பிடியையும் இழந்து எண்ணெயையும் செலவழிக்கிறார்கள். ‘என்’ பக்கம் கை போகவே கூடாது.

‘டி’யில் இறங்கினால் என்ன பிரச்சினை? காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் “இவருக்கு இழுவை வேண்டாம்போல” என்று எண்ணி மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் இன்ஜின் பிடி இருக்காது. வண்டி ஓடத் தொடங்கும். நீங்கள் பிரேக் மிதிப்பீர்கள். காலை எடுத்ததும் மறுபடி ஓடும். சில புதிய வண்டிகள் இறக்கத்தை உணர்ந்து, பிரேக் மிதித்ததும் தாமாகவே கியரைக் குறைக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீங்கள் பிரேக் மிதித்த பிறகுதான் அது செயல்படும்.

எந்த கியர்? லாரி டிரைவர்களின் கணக்கு சுலபமானது: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. நீலகிரிச் சாலைகளில் 2-ஆம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் நிற்பதும் இதனால்தான். 5, 6 கியர் உள்ள வண்டிகளுக்கு வளைவுப் பகுதிகளில் 2, கொஞ்சம் நேராக ஓடும் இடங்களில் 3. ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏறும்போதே கண் மீட்டரில் இருக்கட்டும். எந்த எண்ணில் ஏறுகிறது என்று பார்த்து வைத்தால் இறங்கும்போது உதவும்.

சரியான கியரா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டு சில நொடி பாருங்கள். வேகம் கூடாமல், வெகுவாகக் குறையாமல் அப்படியே உருண்டால் கியர் சரி. கூடிக்கொண்டே போனால் ஒரு மைனஸ். ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டியிருந்தால் ஒரு பிளஸ். 1 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின்களுக்குப் பிடி குறைவு. பெரிய இன்ஜின் வண்டி 3-இல் இறங்கும் இடத்தில் இவை 2 கேட்கும்.

கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். வேகம் ஏறிய பிறகு மைனஸ் தட்டினால் ஆர்பிஎம் எல்லை மீறும் என்று கியர்பாக்ஸ் மறுக்கலாம். மறுத்தால் பிரேக் மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

இனி ஒரு ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் இப்படி 70 வளைவுகள், ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. 2-ஆம் கியரில், 30-இல் இறங்கி வருகிறீர்கள். முள் 2,000-க்குச் சற்று மேலே. வளைவுக்கு முன் நேரான பகுதியில், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே, பிரேக்கை அழுத்தமாக மிதித்து 15-க்குக் கொண்டுவாருங்கள். அழுத்தமாக, ஆனால் கொஞ்ச நேரம்; பிறகு முழுவதுமாக விடுங்கள். செங்குத்தான வளைவு என்றால் இந்த இடத்திலேயே 1-க்கு ஒரு மைனஸ். ஹாரன். கீழே பாருங்கள்; ஏறி வரும் வண்டி இருந்தால் வளைவுக்கு மேலேயே நின்று வழிவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம், மரியாதை மட்டுமல்ல. பிறகு திரும்புங்கள், பிரேக்கில் கால் ஊன்றாமல், இன்ஜின் பிடியிலேயே. வண்டி நேரானதும் 2-க்கு ஒரு பிளஸ்.

பிரேக்கை லேசாகத் தொட்டபடியே இறங்குவதுதான் நிறையப் பேரிடம் பார்க்கும் பழக்கம். அது பேடுக்கு ஆறவே நேரம் கொடுக்காது. மிதித்தால் மிதி, விட்டால் விடு. வளைவுக்கு வளைவு ஒரு தடவை மிதிப்பது சரி. நடுவே நேரான பகுதியில் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டியிருந்தால் கியர் ஒன்று அதிகம் என்று அர்த்தம்.

சத்தத்துக்குப் பயந்து பிளஸ் தட்டிவிடாதீர்கள். 3,000, 4,000 ஆர்பிஎம் எந்த நல்ல பெட்ரோல் இன்ஜினுக்கும் சாதாரணம். சிவப்புக் கோடு அதற்கு வெகு மேலே. “வண்டி அலறுதே, கியரை மாத்துங்க” என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வரும். கிளம்பும்போதே சொல்லி வைத்துவிட்டால் நல்லது.

ஏஎம்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நடைவேகத்துக்கு வண்டி இறங்கினால், இன்ஜின் அணையாமல் இருக்க அது கிளட்சைப் பிரித்துவிடும். அந்த நொடியில் இன்ஜின் பிடி போய் வண்டி சுதந்திரமாக உருளும். நெரிசலில் இன்ச் இன்ச்சாக இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்புங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் மலையில் வேண்டவே வேண்டாம்.

கருகும் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். வண்டி உருளாத சமதளமாக இருந்தால் மேலும் நல்லது. சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணலாகிவிடும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். பெடல் உள்ளே போகிற நிலை வந்துவிட்டால் இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பூஸ்டரும் கைவிடும். மைனஸ், அடுத்த மைனஸ் என்று கியரை இறக்கிக்கொண்டே பெடலைப் பலமுறை வேகமாக மிதித்து விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். பள்ளத்தை விட்டு மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்.

ஏற்றம்

ஏறும்போது ‘டி’யின் தொல்லை வேறு மாதிரி. வளைவில் மெதுவாகி 2-க்கு வரும். வளைந்ததும் கொஞ்சம் வேகம் எடுப்பீர்கள், 3-க்குப் போகும். ஏற்றத்தில் 3 இழுக்காது, அதிகம் மிதிப்பீர்கள், மறுபடி 2. அதற்குள் அடுத்த வளைவு. இப்படி முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வருவதில் இதற்கும் பங்கு உண்டு. ‘எம்’மில் போட்டு 2-இல் வைத்துவிட்டால் வளைவுகளுக்கு நடுவே சீராக ஏறும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நின்று அணையைப் பார்க்கும்வரை பெரும்பாலும் 2-உம் 3-உம் போதும்.

நெரிசலில் ஏற்றம் என்றால் மேனுவல் மோட் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏஎம்டியிலும் டிசிடியிலும் ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் வழுக்கிக்கொண்டே இழுக்கிறது. முதல் கியரை நீங்களே போட்டாலும் வழுக்குவது வழுக்குவதுதான். குறிப்பாக உலர் கிளட்ச் (கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்காத) டிசிடிகள் சூடேறி, மீட்டரில் எச்சரிக்கை காட்டி, சில நேரம் ஓட மறுத்துவிடும். முன்வண்டிக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். இடைவெளி பெரிதானதும் ஒரே மூச்சில் போய் மறுபடி நில்லுங்கள். ஆக்சிலரேட்டரால் வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்துவது கிளட்சைத் தின்னும். பிரேக்கால் நிறுத்துங்கள். சரிவில் வண்டி பின்னே உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தாலும் அது சில நொடிதான். இல்லாத வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி இழுப்பதை உணர்ந்த பிறகு விடுங்கள்.

இருவழிச் சாலையில் ஓவர்டேக்

லாரிக்குப் பின்னால் 60-இல் போகிறீர்கள். எதிர்ப்பக்கம் காலி. ‘டி’யில் வெளியே வந்து அழுத்தி மிதித்தால், கியர்பாக்ஸ் அதைப் புரிந்துகொண்டு கியரைக் குறைத்து இழுக்கத் தொடங்குவதற்குள் விலைமதிப்பற்ற நேரம் போகும். ஏஎம்டியில் அந்த நேரத்தில் இழுவையே இருக்காது; நீங்கள் எதிர்ப்பக்கப் பாதையில் இருக்கிறீர்கள், வண்டி யோசிக்கிறது. பயங்கரமான நொடி அது.

அதனால் லாரிக்குப் பின்னால், உங்கள் பாதையில் இருக்கும்போதே மைனஸ் தட்டி 3-க்கு வந்துவிடுங்கள். முள் 3,000 பக்கம் ஏறி நிற்கட்டும். இப்போது எதிரே மறுபடி பாருங்கள். வழி இருந்தால் இண்டிகேட்டர் போட்டு வெளியே வந்து மிதித்தால் அந்தக் கணமே இழுக்கும். வழி இல்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, பின்னாலேயே போகலாம். தாண்டி உள்ளே வந்த பிறகு பிளஸ். பாதி தாண்டும்போது சிவப்புக் கோட்டில் முட்டி நிற்கும் வண்டியாக இருந்தால், அதற்குள் ஒரு பிளஸ் தேவைப்படலாம். சமதளத்தில் பழகும்போதே அது எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்து வையுங்கள்.

மழையும் சேறும்

தோட்டத்துப் பாதையில், ஈரப் புல்லில் முதல் கியர் சக்கரத்தைச் சும்மா சுழற்றிவிடும். நிற்கும்போதே பிளஸ் தட்டி 2-இல் கிளம்ப அனுமதிக்கும் வண்டிகள் உண்டு. முயன்று பாருங்கள், ஏற்றுக்கொண்டால் மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளம்பலாம். உலர் கிளட்ச் வண்டியில் இதை அடிக்கடி செய்ய வேண்டாம்.

சென்னை மழையில் சாலையில் தண்ணீர் நின்றால், முதலில் அதில் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டும், ஆழம் சக்கரத்தின் பாதிக்கும் கீழே என்று உறுதியாகத் தெரிந்தால், ‘எம்’மில் 1-ஐப் போட்டு, காலைத் தளர்த்தாமல் ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். ‘டி’யில் போனால் நடுவே கியர் ஏறி வேகமும் சுழற்சியும் தடுமாறும். நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியே உள்ளே பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

மின்சாரக் காரில் இறங்குகிறவர்களுக்கு

மின்சாரக் காரில் கியர் கிடையாது, ஆனால் நெக்ஸான் இவி போன்றவற்றில் ரீஜென் அளவை, அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து வண்டியைப் பிடிக்கும் அளவை, கூட்டக் குறைக்க வழி இருக்கிறது. இறக்கத்தில் அதை உச்சத்தில் வைத்தால் மோட்டார் வண்டியைப் பிடித்துக்கொண்டே பேட்டரியை நிரப்பும். ஒரே ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. பேட்டரி ஏற்கனவே நிறைந்திருந்தால் புதிதாக வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. ரீஜென் குறைந்துவிடும் அல்லது வேலையே செய்யாது, முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். ஊட்டி ஓட்டலில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குகிறவருக்கு முதல் சில வளைவுகளிலேயே இது தெரியும். மலைமேல் சார்ஜ் போடும்போது 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை இறக்கமே நிரப்பித் தரும்.